ஜோடிச் சம்படம்

பூசிமேட்டில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு கிடையாது, ஆள் போன வீட்டிலிருந்து பார்சல் போகாத மாதம் கிடையாது, பார்சலுக்குச் சம்படத்தை ஒற்றையாக வாங்குகிற பெண்ணும் கிடையாது. எங்கள் ஊர்ப் பெண்கள் படியேறுவதைப் பார்த்ததுமே டவுன் பாத்திரக்கடைக்காரர் ஒரே அளவில், ஒரே எடையில், மூடி கச்சிதமாக உட்காருகிற இரண்டு எவர்சில்வர் சம்படங்களை எடுத்து வைத்துவிட்டுப் பெயர் வெட்டுகிறவரைக் கூப்பிட்டுவிடுவார். இரண்டிலும் ஒரே பெயர், போகிறவன் பெயர். பூண்டுத் தொக்கோ எள்ளுருண்டையோ எதைச் செய்தாலும் சரிபாதியாகப் பிரித்து இரண்டிலும் அடைப்பார்கள். ஒன்றை வெள்ளைக் காடாத்துணியில் வைத்துத் தைத்து, தையல்மேல் அரக்கு வைத்து என்னிடம் கொண்டுவருவார்கள். மற்றது சாமி மாடத்துக்குக் கீழே இருக்கும், அவன் திரும்பி வந்து மூடியைத் திறக்கும்வரை யாரும் அதில் கைவைக்கமாட்டார்கள். தன் பங்கு வீட்டில் காத்திருக்கிறது என்று தெரிந்தவன் வராமல் இருக்கமாட்டான் என்று நம்பிக்கை.

நான் அந்த ஊர் போஸ்ட் ஆபீஸைப் பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் சகாயராணி, கூப்பிடுவது போஸ்ட் அக்கா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த தப்பில் பெரிய பங்கு அந்த வாய்க்கு உண்டு.

சம்படம் குறைய ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அந்த வருஷம் எங்கள் ஆட்கள் பதினோரு பேர் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, ஆப்பிரிக்காவில் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு அமைதிப்படையில் போயிருந்தார்கள். ராணுவத் தபாலில் நாட்டுப் பெயர் எழுதக்கூடாது, நம்பர்தான் எழுதவேண்டும். அதனால் அந்த நாட்டின் பெயர் எங்கள் வாயில் கடைசிவரை சரியாக நுழையவில்லை, 'அந்தப் பக்கம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அன்று காலை பத்தேமுக்காலுக்கு மேலத்தெரு கோமளா, புருஷன் அந்தப் பக்கம் இருப்பவள், மூச்சு வாங்க வந்து என் ஜன்னலில் நின்றாள்.

"அக்கா, எங்கூட்டு ரவா லட்டு குறையுதுக்கா."

"எலியா இருக்கும்."

"மூடி போட்ட சம்படத்துல எலி எப்படிக்கா பூரும்? இப்ப தொறந்து வச்சிகினு குந்தியிருந்தேன். என் கண்ணெதிர்லயே ஒண்ணு காணாம பூட்சி."

"அப்ப அவரு சாப்புட்றாரு," என்றேன், கடிதத்தில் முத்திரை குத்திக்கொண்டே.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னதும் அது சரியாகத்தான் பட்டது. கோமளாவுக்கும் பட்டது, வரிசையில் நின்ற மற்ற பெண்களுக்கும் பட்டது. அவர்கள் வந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, சாமி மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து, மூடியைத் திறந்து பார்த்தபோது, பதினோரு வீட்டிலும், தொக்கு இருந்த இடத்தில் தொக்கும் உருண்டை இருந்த இடத்தில் உருண்டையும், யாரோ இப்போதுதான் எடுத்த மாதிரி, குறைந்திருந்தது. அந்தப் பக்கம் காலைச் சாப்பாடு நேரம் நமக்குப் பத்தேகால் என்று பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் மாணிக்கவேலு கணித்துச் சொன்னார். அதன்பிறகு பூசிமேட்டில் பத்தேகாலுக்கு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டியதில்லை.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. இங்கே எடுத்தால் அங்கேயும் குறையும் என்பது கோமளாவின் கொழுந்தன் ஆசைப்பட்டு ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்ட மறுநாள் தெரிந்தது, அந்தப் பக்கத்திலிருந்து போன் செய்து அவள் புருஷன் கேட்ட முதல் கேள்வியே, எவன் அவன் என் லட்டைத் தின்றது என்பதுதான். இங்கே போட்டால் அங்கே ஏறாது என்பதும் தெரிந்தது, கூடுதலாக வைத்த லட்டு வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்து பூசணம் பிடித்தது. எடுக்கத்தான் வழி, கொடுக்க வழியில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் தபால்காரி. சம்படங்களைத் தண்ணீர்த் தட்டில் வைத்தார்கள், இங்கே எறும்பு ஏறினால் அங்கே பட்டாளத்துக்காரன் சாப்பாட்டில் எறும்பு குறைத்த பள்ளம் விழும் என்று பயம். பூனை இல்லாத வீட்டுக்குப் பூனை வந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளையின் போட்டோவுக்கு முன்னால் சம்படத்தைக் காட்டச் சொன்னார்கள், ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்கிறவனுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். ஆய்வுக்கு வந்த தபால் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இதற்கு ஃபாரம் ஏதும் உண்டா என்று விசாரித்துவிட்டு, சிங்கப்பூரில் வெல்டராக இருக்கிற தன் மகனுக்கும் ஒரு ஜோடி வாங்கி ஒன்றை அனுப்பினார். வீட்டில் வைத்தது குறையவே இல்லை. பட்டாளத்துக்காரர்களுக்குத்தான் பலிக்குமா, அல்லது மகன் அதைத் திறக்கவே இல்லையா என்று தெரியாமல் மனுஷன் அடுத்த ஆய்வுக்கு வந்தபோது பாதி உடம்பாகியிருந்தார்.

சுபேதாருக்கு மட்டும் கொஞ்சம் பொறாமை. "எங்க காலத்துல ஆறு மாசத்துக்கு ஒரு இன்லேண்டு லெட்டர். அதப் பாத்துகினு நிம்மதியா இருந்தாளுங்க," என்பார்.

அவர் சொன்னது பொய்யில்லை. முன்பெல்லாம் நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை, தபால் வருகிற நாளில் பயந்தோம். இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை பயந்தோம். பத்தேகால் பத்தரை ஆனால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தோம். ஒருத்தன் ஒருவேளை தொக்கு வேண்டாம் என்று நினைத்தால் இங்கே ஒருத்திக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. சம்படத்தில் பள்ளம் விழுந்ததும் தெருவில் பெருமூச்சு கேட்கும், அப்புறம்தான் துவைக்கிற சத்தமும் இடிக்கிற சத்தமும் ஆரம்பிக்கும்.

போஸ்ட் ஆபீஸ் தராசு என்னிடம் இருந்ததால் வாரத்துக்கு ஒருநாள் சம்படத்தைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்ப்பார்கள். நிறுக்க வந்தவர்கள் விளக்கமும் கேட்க, விளக்கம் சொல்லிச் சொல்லி, நான் சம்படம் பார்க்கிறவளாகிவிட்டேன். பள்ளம் ஆழமாக இருந்தால் பசி, மேலாகச் சுரண்டியிருந்தால் காய்ச்சல், ஓரத்தில் கிண்டியிருந்தால் யாரோடோ சண்டை என்று சொல்வேன். பாதி ஊகம், பாதி அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வது. பலித்ததை ஊரார் நினைவில் வைத்துக்கொண்டார்கள், பலிக்காததை மறந்துவிட்டார்கள்.

அப்படி நிறுக்க வருகிறவர்களில் ரேணுகாவுக்கு மட்டும் என் விளக்கம் தேவைப்படாது. பட்டாளத்தில் நாயக் ரேங்கில் இருந்த கஜேந்திரனின் மனைவி, கல்யாணமாகி நாலு வருஷம், மாமியார் பட்டம்மாளோடு ஏரிக்கரைத் தெருவில் இருந்தாள். அவளே சொல்லுவாள்: "மூணு தபா எடுப்பாருக்கா. மொதல்ல ஒரு அள்ளு, ரெண்டாவது ஒரு அள்ளு, மூணாவது சும்மா வெரல் நுனில. வூட்லயும் அப்படித்தான்." பெயர் வெட்டின பக்கத்தைத் தன்னைப் பார்க்க வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு வலப்புறமாக, சப்பாத்தியால் வழித்தெடுப்பது அவன் பழக்கம். பூண்டுத் தொக்கில் எண்ணெய் கொஞ்சம் நிற்கிற அந்த வலப்புறப் பள்ளத்தைக் குடும்பப் போட்டோ காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் காட்டுவாள்.

ஐப்பசியில் போன் நின்றது. ஒருநாள் இரண்டுநாள் என்று பார்த்தோம், வாரமாயிற்று. டிவியில் அந்த நாட்டைப் பற்றி ஒரு வரி ஓடியது, அப்புறம் கிரிக்கெட் வந்தது. சுபேதார் தன் பழைய ஆபீசர்களுக்கெல்லாம் போன் போட்டு விஷயத்தைப் பிடுங்கினார்: எங்கள் ஆட்கள் ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குள் நானூறு அகதிகளோடு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், ரோட்டை வெட்டிவிட்டார்கள், பாலம் போய்விட்டது, ஹெலிகாப்டர் இறங்கினால் சுடுகிறார்கள், மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேலே பேசுகிறது எப்போது கீழே வந்துசேரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

மற்றதையெல்லாம் சம்படம் சொன்னது. முதல் வாரம் எல்லா வீட்டிலும் மளமளவென்று குறைந்தது. மெஸ்ஸில் பொருள் தீர்ந்து பார்சலில் கைவைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டோம். இரண்டாவது வாரம் பள்ளங்கள் ஒரே அளவில், கரண்டி வைத்து அளந்த மாதிரி விழ ஆரம்பித்தன. யாரோ பொறுப்பை எடுத்துக்கொண்டு பங்கு போடுகிறார்கள் என்று புரிந்துகொண்டோம். மூன்றாவது வாரம் காலைப் பள்ளம் நின்று மத்தியானம் மூன்றரைக்கு ஒரே ஒரு பள்ளம் விழுந்தது. அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் என் உதவி வேண்டியிருக்கவில்லை. அடுப்பில் சோறு கொதிக்கிற வாசனைக்கே பெண்கள் அழுதார்கள்.

நாலாவது வாரத்தில் ரேணுகாவின் சம்படம் மூன்று நாள் அசையாமல் இருந்தது.

அந்த மூன்று நாளும் அவள் வீடு சாவு வீடு மாதிரி இருந்தது என்று சொல்லக்கூடாது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பெண்கள் வந்து சுவரோரம் உட்கார்ந்தோம். பட்டம்மாள் தூணில் சாய்ந்து சம்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் மூன்றரைக்கு, நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தொக்கின் மேல் ஒரு பள்ளம் விழுந்தது. கோமளா கத்திக்கொண்டே எழுந்து ரேணுகாவைக் கட்டிக்கொண்டாள்.

"சாப்டுட்டாருடி! சாப்டுட்டாரு!"

ரேணுகா கட்டிக்கொள்ளவில்லை. சம்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவரு கை இல்ல," என்றாள்.

என்னிடம் நகர்த்தினாள். பார்த்தேன். பள்ளம் பெயருக்கு இடப்புறத்தில் விழுந்திருந்தது. அவன் எடுக்கிற மாதிரி வழித்தெடுத்ததாக இல்லை, கோணல்மாணலாக, தடுமாறிக் கிண்டினதாக இருந்தது. நான் சம்படத்தைத் திருப்பினேன். பெயர் அந்தப் பக்கம் போனதும், இடப்புறப் பள்ளம் வலப்புறத்துக்கு வந்தது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"எதிர்ல குந்தியிருக்கிறவன் எடுக்கிறான்," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது.

அடுத்த நாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம், பத்து நாள். வலப்புறம் தொடாமல் அப்படியே நிற்க, இடப்புறம் மட்டும் யாரோ ஒருவனின் தடுமாறிய கையில் குழிந்துகொண்டே போனது. ஊரில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் நடந்தது. பூக்காரி ரேணுகாவின் வாசலில் நிற்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு தாண்டிப் போனாள். மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட வந்தவர்கள் பக்கத்து வீட்டோடு திரும்பினார்கள். கோமளா, அவள் நல்லவள்தான், ஆனால் அவளும் தன் வீட்டுச் சம்படத்தை ரேணுகாவின் கண்ணில் படாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிறுக்க வந்தாள்.

திரும்பி வராதவனின் பங்கை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஏரியில் கரைத்துவிடவேண்டும். இல்லையென்றால் அவன் அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் பசியோடு சம்படத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு வீட்டில் அப்படிக் கரைத்திருக்கிறார்கள். பதினோராம் நாள் ரேணுகா போஸ்ட் ஆபீசுக்கு வந்தாள். தலை வாரியிருக்கவில்லை.

"கரைச்சிடலாம்க்கா," என்றாள். "எவனோ ஒருத்தன் அவரு பங்கை துன்னுகினு கீறான். தெனம் மூணரைக்கு அதப் பாக்க என்னால முடில. பசிக்குத்தான் துன்றான், தெரியுது. ஆனா அவன் துன்றதப் பாக்கச் சொல்ல எனக்கு அவனக் கொல்லணும்போல கீது. அப்படி நெனைக்கிறதுக்கு நான் அதக் கரைச்சிடறது மேல்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆர்மியிலிருந்து தகவல் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவள் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை தெருவே ஏரிக்குப் போனது. ரேணுகா சம்படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால், கடைசியில் பட்டம்மாள். இத்தனை நாளும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, துக்கம் வாயை அடைத்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மழை பெய்து ஏரி நிறைந்து கரைக்கல் வரை தண்ணீர் நின்றது. ரேணுகா முழங்கால் ஆழத்துக்கு இறங்கி மூடியைக் கழற்றினாள். சம்படத்தைச் சாய்க்கப் போனபோது பின்னால் தண்ணீர் அடிபடுகிற சத்தம் கேட்டது. பட்டம்மாள், அறுபத்திரண்டு வயசுக்காரி, புடவையோடு இறங்கி வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கரைக்காதடி."

"அத்தே, வுடுங்க."

"கரைக்காத. அங்க அவன் சோறுடி அது. எதிர்ல எவனும் இல்ல. அது எம்புள்ள கைதான்."

"நாலு வருசமா அவரு கை எனக்குத் தெரியாதா அத்தே?"

"உனக்கு அவன் சோத்துக்கைதான் தெரியும். இது அவன் பீச்சாங்கை."

கரையில் நின்ற பெண்கள் சீ என்றார்கள். நானும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ பள்ளத்தைப் பார்த்து எத்தனையோ அர்த்தம் சொன்ன எங்களில் ஒருத்திக்குக்கூட, ஒரு மனுஷன் இடது கையைச் சாப்பாட்டில் வைப்பான் என்று தோன்றவே இல்லை. செத்துப்போனான் என்று நினைப்பது அதைவிட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

பட்டம்மாள் மணிக்கட்டை விடாமல் பேசினாள். மருமகளைப் பார்த்துப் பேசவில்லை, சம்படத்தைப் பார்த்துப் பேசினாள்.

"பொறந்ததுலருந்தே அவனுக்கு அந்தக் கைதான். பால் சங்கப் புடிச்சதே அந்தக் கையாலதான். சட்டை கையோட சேர்த்து முடி போட்டு வைப்பேன், அவுத்துகினு வந்துடுவான். நாலு வயசுல எங்கண்ணன் பொண்ணு கல்யாணத்துல பந்தில குந்த வச்சேன். பீச்சாங்கையால அள்ளி அள்ளித் துன்னான். பக்கத்து எலக்காரரு எலைய மூடிட்டு எழுந்து பூட்டாரு. எங்கண்ணன் என்னப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் கீது. வூட்டுக்கு வந்து கரண்டிய அடுப்புல வச்சேன்."

மருமகளின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பொறங்கைலதான் வச்சேன். நாலு நாள் துன்னல. அஞ்சாம் நாள் சோத்துக்கையால துன்னான். கொதிக்கிற பால் கொட்டிச்சின்னு ஊருக்குச் சொன்னேன். அவன் அப்பனுக்கும் அதான் சொன்னேன். அந்தத் தழும்பப் பத்தி உங்கிட்ட இன்னா சொன்னான்?"

ரேணுகா சம்படத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பால் கொட்டிச்சின்னுதான்."

பட்டம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முப்பது வயசு மகன் கட்டினவளிடம்கூடத் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை அந்த ஏரித் தண்ணீரில் நின்றுதான் அவள் தெரிந்துகொண்டாள்.

"பத்து நாளா ஏம்மா சொல்லல?" என்று கரையிலிருந்து நான் கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"நான் சூடு வச்சேன்னு இவகிட்ட எந்த வாயால சொல்றது? அது மட்டும் இல்ல, ராணி. பீச்சாங்கையால துன்றான்னா சோத்துக்கைக்கு இன்னா ஆச்சி? வாயத் தொறந்து சொன்னா அது நெஜமாயிடுமோன்னு சொல்லல."

அப்போது மணி மூன்றரை ஆகியிருக்க வேண்டும். ரேணுகாவின் கையிலிருந்த சம்படத்தில், பெயருக்கு இடப்புறமாக, ஒரு பள்ளம் விழுந்தது. பட்டம்மாள் தன் இடது கையைத் தூக்கி, தொக்கைத் தொடாமல், அந்தப் பள்ளத்துக்கு மேலே விரலை வளைத்துக் காட்டினாள். விரல் வளைவும் பள்ளத்தின் வளைவும் ஒன்றாக இருந்தன. ரேணுகா மூடியைப் போட்டு இறுக்கி, சம்படத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மாமியாரின் தோளில் முகத்தை வைத்து ஏரியே அதிர்கிற மாதிரி அழுதாள். உயிரோடு இருக்கிறான் என்பதற்கும் வலது கை என்ன ஆயிற்றோ என்பதற்கும் சேர்த்து அழுதாள். எது எதற்கு என்று பிரிக்க முடியாத அழுகை அது.

அதன்பிறகு இருபத்திரண்டு நாள். ஒருத்தியும் என்னிடம் சம்படம் பார்க்க வரவில்லை, வந்திருந்தாலும் நான் பார்த்திருக்கமாட்டேன். ரேணுகா வீட்டுச் சம்படத்தில் முதலில் அடியின் ஒரு ஓரம் தெரிந்தது, அப்புறம் பாதி தெரிந்தது. பள்ளம் விழ இடமில்லாமல் வெறும் பூச்சாக ஆனபிறகும் தினம் மூன்றரைக்கு அதில் ஒரு கடுகளவு குறைந்தது. ஒரு கடுகளவுத் தொக்கு யாருக்கும் பசியாற்றாது. "பசிக்கு எடுக்கல அத்தே," என்றாள் ரேணுகா. "நான் பாத்துகினு கீறேன்னு அவருக்குத் தெரியும். அதுக்காக எடுக்கிறாரு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்தபோது, தெருவில் மற்ற எல்லோரையும்விட அவள்தான் கொடுத்துவைத்தவள் என்று எனக்குப் பட்டது. பூக்காரியும் மறுபடி அந்த வாசலில் நிற்க ஆரம்பித்தாள்.

கடுகளவும் தீர்ந்து சம்படம் பளபளவென்று ஆன பிறகு மூன்று நாள் எங்களிடம் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்ல என்னால் முடியாது. நாலாம் நாள் சுபேதார் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடி வந்தார். ரோடு திறந்துவிட்டது, ஆட்களை வெளியே எடுத்துவிட்டார்கள்.

தை மாதம் வந்தார்கள். பதினோரு பேரும் வந்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பத்துப் பேர் வந்தார்கள். ஒரு சம்படம் ஏரிக்குப் போனது, அது வேறு வீட்டுத் துக்கம், அதை நான் இங்கே சொல்லமாட்டேன்.

கஜேந்திரன் மத்தியானப் பஸ்ஸில் இறங்கினான். இடது தோளில் பை, வலது கை சட்டைக்கு மேல் போட்ட ஜாக்கெட்டின் பைக்குள். ரேணுகாவின் கண் முதலில் அந்த ஸ்லீவுக்குத்தான் போனது. ஸ்லீவ் தொளதொளவென்று இல்லை, உள்ளே கை இருந்தது. ஆனாலும் அவன் அதை வெளியே எடுக்கவில்லை. பையைக் கீழே வைத்ததும், செருப்பைக் கழற்றினதும், அம்மாவின் காலைத் தொட்டதும் எல்லாம் ஒரே கையால். நாங்கள் பத்து இருபது பேர் வாசலிலும் ஜன்னலிலும் நின்றோம், பிரியத்துக்குப் பாதி, பார்ப்பதற்குப் பாதி.

இலை போட்டு உட்காரவைத்தார்கள். சோறு, சாம்பார், கத்தரிக்காய், வடை, பாயசம், எல்லாம் வைத்தாயிற்று. அவன் வலது கையைப் பையிலிருந்து மெல்ல எடுத்து மடியில் வைத்தான். ஐந்து விரலும் இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நாலு விரலும், அங்கே இல்லாத ஒன்றைப் பிடித்த மாதிரி மடங்கியிருந்தன, ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக, பாதி வளைந்து நின்றது.

"அந்தப் பள்ளிக்கூடத்துக் கேட்டுல நின்னது நான்தாம்மா," என்றான், இலையைப் பார்த்தபடி. "துப்பாக்கியிலருந்து கைய எடுக்கக் கூடாதுன்னு ஆர்டரு. மத்தவங்க மாத்தி மாத்திப் போயி சாப்டாங்க. நான் மூணு நாள் சாப்டாமதான் நின்னேன். அப்புறம் எனக்கு அந்தக் கையாலயும் சாப்பிட வரும்னு பாத்துட்டு என்னை அங்கயே வுட்டுட்டாங்க. உள்ள நானூறு பேரு. அத்தனை நாளும் இந்த வெரல எடுக்கல. இப்ப பிரிய மாட்டேங்குது. டாக்டரு, தானா பிரியும்ங்கிறாரு."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. இடது கை முழங்காலுக்குப் பக்கத்தில் தரையை ஊன்றி இருந்தது. அவன் அதைத் தூக்கவில்லை. நானூறு பேருக்குக் காவல் நின்றவன், நாங்கள் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான், பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். ரேணுகா ஊட்டிவிட முட்டி போட்டு உட்காரப் போனாள்.

பட்டம்மாள் அவளைத் தடுத்தாள். மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பரிமாறிய இலையின் இரண்டு பக்கமும் கைகொடுத்து, ஒரு பருக்கை சிந்தாமல், சாம்பார் ஓடிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நுனி அவன் வலப்பக்கம் வருகிற மாதிரி இலையை முழுசாகத் திருப்பிப் போட்டாள். எங்கள் ஊரில் நல்ல நாளில் யாருக்கும் அப்படி இலை போடமாட்டார்கள். இலையின் அகன்ற பக்கம் அவன் இடது கைக்கு நேராக வந்து சேர்ந்தது.

"துன்னுப்பா," என்றாள்.